இருபது நிமிடத்தில் ஒளிர்ந்த கணு

விலங்குக்கூடத்தின் விளக்கே, வெள்ளெலிகள் வெருளாத விரல்களுக்கு உரியவரே, கடிபட்டும் கடிந்து பேசாத கனிவே, முப்பத்து நான்கு ஆண்டுகள் முதல் ஆளாய் வந்து கடைசி ஆளாய்க் கதவடைத்த கடமை வேந்தே, பிறர் பெருமை என்று பூட்டி வைத்ததைப் பிழை என்று திறந்து காட்டிய பெருந்தகையே, வணக்கம்.

இந்த மடலை எழுதும் பொறுப்பை ஒப்படைத்தபோது பேராசிரியர் அம்மா இரண்டு கட்டளைகள் இட்டார். தமிழ் உயர்வாக இருக்க வேண்டும். ஒரு பக்கத்துக்குள் அடங்க வேண்டும், ஏனென்றால் சட்டகம் ஏற்கெனவே வாங்கியாயிற்று. முதல் கட்டளையை மேலே உள்ள பத்தியில் நிறைவேற்றிவிட்டோம். இரண்டாவது முடியவில்லை, வேறு சட்டகம் வாங்கப்பட்டிருக்கிறது. மேலும், தாங்கள் தங்கள் என்று நாங்கள் தொடர்ந்தால், யாரைச் சொல்கிறார்கள் என்று நீங்கள் பின்னால் திரும்பிப் பார்ப்பீர்கள். ஆகவே இனி நீங்கள், உங்கள். அண்ணன் என்பது எப்போதும் போல் அண்ணன்தான்.

அண்ணே, ஐந்து பேராசிரியர்களின் காலத்தில், மூன்று கட்டடங்களில், ஒரே வேலையை ஒரே பொறுமையோடு செய்தவர் நீங்கள். கூண்டறையின் வெப்பம் இருபத்திரண்டைத் தாண்டினால் குளிரூட்டி சொல்லும் முன் உங்கள் கழுத்து சொல்லும். எலிகள் திடுக்கிடக் கூடாது என்று அடிப்பகுதி தேய்ந்த காலணியையே தேடி அணிந்தவர் நீங்கள். புதிய காலணி வாங்கினால் அது ஓசை அடங்கும்வரை வீட்டில் போட்டுத் தேய்த்துக்கொண்டு வருவீர்கள். எங்கள் எலிகள் எல்லாம் பெண் எலிகள் என்பதால் ஒவ்வொன்றையும் "வாங்க மருமகளே, ஒரு நிமிஷம் வாங்க" என்று அழைத்துத்தான் கையில் எடுப்பீர்கள். முன்வரிசையில் அமர்ந்திருக்கும் அண்ணி இதைப் பற்றித் தெரிவித்த கருத்தை அவர் அனுமதியுடன் பதிவு செய்கிறோம்: "நிஜ மருமக வந்து ஆறு வருஷமாச்சு. அவளை ஒரு நாள் இப்படிக் கூப்பிட்டதில்ல."

உங்கள் பணி என்ன என்பது குறித்து உறவினர்களிடையே நெடுநாள் குழப்பம் நிலவுவதாக அறிகிறோம். "எலி புடிக்கிற வேலைன்னுதான் கல்யாணத்தப்ப சொன்னாங்க" என்று அண்ணி சொன்னார். எனவே இந்த நன்னாளில், நன்மக்கள் முன்னிலையில், அதை விளக்குவது எங்கள் கடன்.

உடம்பில் இரத்தம் ஓடும் குழாய்கள் இருப்பது எல்லோருக்கும் தெரியும். அவற்றுக்குப் பக்கத்திலேயே, யாரும் அதிகம் பேசாத இன்னொரு குழாய் வலை உண்டு. சதையின் இடுக்குகளில் கசிந்து தேங்கும் நீரை வழித்தெடுத்து மறுபடி இரத்தத்தில் கொண்டு சேர்ப்பது அதன் வேலை. அந்த நீருக்கு நிணநீர் என்று பெயர். வழி நெடுக அங்கங்கே கணுக்கள் இருக்கின்றன. கணுவுக்குள் நோயை எதிர்க்கும் செல்கள் கூட்டமாக உட்கார்ந்து, வருகிற நீரில் யார் நம்மவர், யார் அயலார் என்று பார்த்துக்கொண்டிருக்கும். அந்தச் செல்களிடம் ஒரு நோயின் அடையாளத்தை நேராகக் கொண்டு கொடுத்துவிட்டால், அந்த நோயைத் தேடிப் போய் அடிக்க அவை கற்றுக்கொள்ளும். கொண்டு கொடுப்பதற்குத்தான் நானோ துகள்கள். கொழுப்பால் தோல் போர்த்தி, உள்ளே வேண்டியதை அடைத்து, ஊசி வழியே அனுப்புகிறோம்.

மிகச் சிறிய துகள்கள் நிணநீரோடு தாமாகவே மிதந்து கணுவுக்குப் போய்விடும். எங்கள் துகள்கள் பெரியவை. பெரியவை என்றால், ஒரு தலைமுடியின் அகலத்தில் முந்நூறு துகள்கள் தோளோடு தோள் நிற்கலாம். ஆனாலும் அந்த உலகத்தில் அது பருத்த உடம்பு. ஊசி போட்ட இடத்திலேயே சதை இடுக்கில் சிக்கிக்கொள்ளும் என்பதுதான் பொதுவான கருத்து. பெரிய துகளில் அதிகம் அடைக்கலாம். அது மட்டும் விரைவாகப் போய்ச் சேர்ந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று எல்லா ஆய்வகங்களும் ஏங்கிக்கொண்டிருந்தன.

எங்கள் துகள்கள் போய்ச் சேர்ந்தன. எலியின் பாதத்தில் நீங்கள் ஊசி போட்டீர்கள். இருபதாவது நிமிடத்தில், முழங்கால் மடிப்பின் பின்னாலிருக்கும் கடுகளவு கணுவை எடுத்துப் பார்த்தால், துகளுக்குள் நாங்கள் அடைத்த சாயம் அங்கே நீல விளக்கின் கீழ் வெறும் கண்ணுக்கே தெரியும்படி பளீரென்று ஒளிர்ந்தது. ஒன்றல்ல, இரண்டல்ல, நாற்பத்தொரு கணுக்கள்.

இந்த ஆய்வு ஒருவருடையது. நான்கு ஆண்டுகள் அதில் உழைத்த ஆய்வு மாணவியை நாம் அனைவரும் முக்கால் டாக்டர் என்று அழைக்கிறோம். பட்டம் இன்னும் வரவில்லை, ஆனால் வரும் என்பதில் சந்தேகம் இல்லாததால் முன்கூட்டியே முக்கால் பங்கு வழங்கியிருக்கிறோம். அவருடைய கட்டுரை எட்டு மாதங்களுக்கு முன் பெரிய இதழில் வந்தது. அதைப் படித்துவிட்டு வேறொரு நகரத்து ஆய்வு நிறுவனம் அவருக்கு வேலை தருவதாக எழுதியது. கணவரும் நான்கு வயது மகளும் அங்கே முன்னதாகவே குடிபோய்விட்டார்கள். ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டு இவரும் போய்ச் சேர வேண்டியதுதான் பாக்கி. மாலை ஐந்து மணிக்குப் படிக்கட்டில் உட்கார்ந்து கைபேசியில் அவர் பேசுவதை நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். "இன்னும் எத்தனை தூக்கம்மா?" என்று அந்தப் பக்கத்திலிருந்து ஒரு குரல் கேட்கும். இவர் எண்ணிச் சொல்வார்.

இனி எங்கள் அறிவியல் மனப்பான்மையைப் பற்றி ஒரு பத்தி.

உங்கள் மகளின் அறுவைச் சிகிச்சைக்காக நீங்கள் நான்கு நாள் விடுப்பு எடுத்தபோது முக்கால் டாக்டரே ஊசி போட்டார். ஆறு கணுக்கள். ஆறும் இருட்டு. நாங்கள், முனைவர்களும் முதுநிலைப் பட்டதாரிகளும் அடங்கிய பதினொரு பேர், தேநீருடன் கூடி விவாதித்து ஒருமனதாக ஒரு முடிவுக்கு வந்தோம்: அண்ணனுக்குக் கைராசி. அன்று முதல் உங்கள் விடுப்பு நாட்களைப் பார்த்துத்தான் சோதனை நாட்கள் குறிக்கப்பட்டன. அந்த ஆறு கணுக்கள் கட்டுரையில் "பயிற்சியற்ற கை" என்ற குறிப்போடு விலக்கப்பட்டன. கடல் கடந்த ஓர் ஆய்வகம், தங்களுக்குக் கணு ஒளிரவே இல்லை என்று பணிவாக எழுதிக் கேட்டபோது, ஊசி போடுபவருக்கு இன்னும் கை பழக வேண்டும் என்று அதைவிடப் பணிவாகப் பதில் எழுதினோம். கருவிகள் அனைத்தையும் ஆண்டுக்கு இருமுறை சரிபார்க்கும் நாங்கள், கைராசியைச் சரிபார்க்க எந்தக் கருவியும் இல்லாததால் அப்படியே நம்பினோம்.

உங்கள் இடத்துக்கு வந்தவர் இருபது ஆண்டு மருத்துவமனையில் ஊசி போட்ட நர்ஸ் அக்கா. ஆறு வாரம் உங்களிடம் இருந்து கைராசியை வாங்கிக்கொள்ள வேண்டும் என்பது அவருக்கு இடப்பட்ட பணி. வாங்க முடியவில்லை. முதல் மூன்று நாளில் எட்டுக் கணுக்கள், எட்டும் இருட்டு. நாங்கள் எதுவும் சொல்லவில்லை. அவர் வரும்போது பேச்சை நிறுத்தினோம், அவ்வளவுதான்.

"குழந்தை நரம்புல ஊசி ஏத்துன கைண்ணே இது" என்று அவர் உங்களிடம் சொன்னாராம். "இருபது வருஷமா தவறினதில்ல. இப்பத் தவறுது."

அடுத்த நாள் குளிர்பெட்டியிலிருந்து குப்பியை எடுத்து அப்படியே அவர் ஊசியில் ஏற்றியபோது, நீங்கள் கையைப் பிடித்துத் தடுத்தீர்கள்.

"சில்லுன்னு குத்தாதம்மா. அது காலை இழுக்கும், பாவம்."

"அப்ப நீங்க எப்படிக் குத்துவீங்க?"

"சுடுதண்ணில கொஞ்ச நேரம் வெச்சுட்டுத்தான்."

"எவ்வளவு நேரம்?"

"ஒரு டீ குடிக்கிற நேரம்."

"இதை ஏன் யாரும் எழுதி வைக்கல?"

"இதுல எழுத என்னம்மா இருக்கு?"

ஆய்வகத்துக்குள் குடிக்கும் பாத்திரம் கொண்டுவரக் கூடாது என்று கதவில் பலகை தொங்குகிறது. விதியை மதித்து நீங்கள் அந்தச் சுடுநீர்த் தம்ளரைக் கூண்டறைச் சன்னலின் வெளிப்பக்க விளிம்பில் வைத்திருந்தீர்கள். சட்டப்படி அது ஆய்வகத்தில் இல்லை. இல்லாத தம்ளர் எந்தப் பதிவேட்டிலும் ஏறவில்லை. முப்பது ஆண்டுகளாக உப்பு நீரோ மருந்தோ எதுவானாலும் அப்படித்தான் இதமாக்கிப் போட்டீர்கள். அதனால் இதற்கு முன் எந்த ஆய்வுக்கும் ஒரு கெடுதலும் வந்ததில்லை. வலிக்கக் கூடாது என்ற ஒன்றைத் தவிர அதில் வேறு எண்ணம் இருந்ததில்லை.

நர்ஸ் அக்கா தம்ளரில் வைத்தார், எடுத்தார், போட்டார். கணு ஒளிர்ந்தது. கைராசி கைமாறிவிட்டது என்று அன்று பிற்பகல் நாங்கள் இனிப்பு வழங்கினோம். ஓய்வு பெறுகிற உங்களுக்கு இதைவிட நிறைவு என்ன வேண்டும் என்று ஒருவர் சிறு சொற்பொழிவே ஆற்றினார். நீங்கள் இனிப்பைக் கையில் வைத்துக்கொண்டு, தின்னாமல் நின்றீர்கள்.

"தண்ணி சூட்டுக்கும் கணுவுக்கும் என்ன சம்பந்தம்?" என்று நர்ஸ் அக்காவிடம் கேட்டீர்கள். அவருக்கும் தெரியவில்லை. தண்ணீரின் வெப்பத்தை அளந்தார்: அறுபத்து மூன்று டிகிரி. மறுநாள் நீங்கள் இருவரும் ஒரு குப்பியைச் சுடுநீரில் வைத்து எடுத்து, சுழற்சி இயந்திரத்தில் போட்டுச் சுற்றினீர்கள். துகள்கள் எல்லாம் அடியில் படிந்துவிட்டன. மேலே நின்ற நீர் தெளிவாக இருந்திருக்க வேண்டும். அது சாயத்தின் நிறத்தில் இருந்தது. அந்த மேல் நீரை மட்டும், ஒரு துகள்கூட இல்லாமல், ஊசியில் எடுத்துப் போட்டீர்கள். இருபதாவது நிமிடத்தில் கணு ஒளிர்ந்தது.

சூட்டில் கொழுப்புத் தோல் இளகி, உள்ளே இருந்த சாயம் வெளியே கசிந்திருக்கிறது. கணுவுக்கு ஓடிப் போனது சாயம் மட்டும். துகள் பாதத்திலேயே உட்கார்ந்திருந்தது. நாற்பத்தொரு கணுக்களிலும் அதுதான் நடந்தது.

பத்தாம் வகுப்பு படித்த நீங்கள் ஒரு பிற்பகலில் செய்த இந்தச் சோதனையை, எங்கள் பதினொரு பேரில் ஒருவர்கூட நான்கு ஆண்டுகளில் செய்ய நினைக்கவில்லை.

இந்த இடத்தில் நீங்கள் பேசாமல் இருந்திருக்கலாம். பணி முடிய ஐந்து வாரம் இருந்தது. நீங்கள் போன பிறகு என்றாவது யாராவது தம்ளர் இல்லாமல் செய்து பார்த்து, கணு இருண்டு, "அண்ணனோட போச்சு அந்தக் கை" என்று பெருமூச்சு விட்டிருப்போம். இந்த மடலும் ஒரு பக்கத்தில் முடிந்திருக்கும். நர்ஸ் அக்காவும் நீங்கள் சொல்லாமல் தாம் சொல்வதில்லை என்று இருந்தார்.

திங்கட்கிழமைக் கூட்டத்தில், வழக்கமாகக் கதவோரம் நிற்கும் நீங்கள், அன்று ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தீர்கள்.

"மேடம், தப்பு என்கிட்ட இருக்கு."

"எதுலண்ணே?"

"எல்லாத்துலயும்."

"அண்ணே, விளையாடாதீங்க" என்றார் முக்கால் டாக்டர், சிரித்துக்கொண்டே.

"விளையாடல பாப்பா."

சொல்லி முடித்தீர்கள். "இன்னும் அஞ்சு வாரம்தானேண்ணே உங்களுக்கு, இதை இப்ப எதுக்கு..." என்று பேராசிரியர் அம்மா தொடங்கினார். பாதியில் நிறுத்திவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அந்த வாக்கியத்தை அவர் முடிக்காமல் விட்டதை இந்த ஆய்வகத்தின் பெருமைகளில் ஒன்றாகக் கருதுகிறோம்.

முக்கால் டாக்டர் எழுந்து வெளியே போனார். அன்று மாலை படிக்கட்டில் அவர் எண்ணிக்கை சொல்லவில்லை. "அம்மாவுக்கு இப்பத் தெரியலடா கண்ணு" என்றார்.

அதன்பின் பதினொரு நாள் அவர் உங்களிடம் பேசவில்லை. ஆனால் வேலை நிற்கவில்லை. தம்ளர் இல்லாமல், குப்பியைக் கையில் மூடிப் பிடித்த இளஞ்சூட்டோடு, எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்ய வேண்டியிருந்தது. எந்த எலி, எந்த நேரம் என்று அவர் ஒரு சீட்டில் எழுதிக் கூண்டறைக் கொக்கியில் மாட்டிவிட்டுப் போவார். நீங்கள் அதே சீட்டின் பின்புறம் எழுதி மாட்டுவீர்கள். அந்தச் சீட்டுகளை நாங்கள் படித்திருக்கிறோம், படித்திருக்கக் கூடாதுதான். "இருபது நிமிஷம். இருட்டு." "இரண்டு மணி நேரம். இருட்டு." "ஆறு மணி நேரம். இருட்டு. நீ மத்தியானம் சாப்பிடவில்லை என்று கேண்டீன்காரர் சொன்னார்."

பன்னிரண்டாம் நாள், ஊசி போட்டு இருபத்தாறு மணி நேரம் கழித்து எடுத்த கணு. நண்பகல் நேரம். முக்கால் டாக்டர் நுண்ணோக்கியில் வெகுநேரம் குனிந்திருந்தார். பிறகு நடைவழியில் ஓடாத குறையாக வந்து கூண்டறைக் கதவைத் திறந்தார்.

"அண்ணே, வந்து பாருங்க."

முப்பத்து நான்கு ஆண்டுகளில் அந்த நுண்ணோக்கியில் பாருங்கள் என்று உங்களை யாரும் அழைத்ததில்லை என்பது அப்போதுதான் தெரியவந்தது. கண்ணை எங்கே வைப்பது என்று கேட்டீர்கள். முன்பெல்லாம் கணு முழுக்கச் சாயம் பூசியது போல் இருக்கும். இப்போது அப்படி இல்லை. கருத்த வெளியில் இங்கொன்றும் அங்கொன்றுமாக, கிளை கிளையாகக் கைநீட்டிய செல்கள் சில. ஒவ்வொன்றின் வயிற்றுக்குள்ளும் சிறு ஒளிப் பொட்டுகள்.

"இது தானா வரல பாப்பா" என்றீர்கள். "யாரோ தூக்கிட்டு வந்திருக்காங்க."

அதேதான். பாதத்தில் சிக்கிக் கிடந்த துகள்களை அங்கே காவலுக்குச் சுற்றும் செல்கள் விழுங்கி, நிணநீர்க் குழாய்க்குள் நுழைந்து, ஒரு நாள் பயணம் செய்து, கணுவில் இருக்கும் மற்றச் செல்களுக்குக் காட்டக் கொண்டுவந்திருக்கின்றன. இது புதிய கண்டுபிடிப்பு அல்ல. மற்றவர்கள் ஏற்கெனவே சொன்னதுதான். எங்கள் துகளும் எல்லாரையும் போலத்தான் என்று நிரூபித்திருக்கிறோம். இதற்குப் பெரிய இதழ் கிடைக்காது. ஆய்வேட்டை மறுபடி எழுத இன்னும் ஓர் ஆண்டு ஆகும். முக்கால் டாக்டர் அந்த நிறுவனத்துக்குத் தாமே எழுதி நடந்ததைச் சொல்லிவிட்டார். இந்த மடல் எழுதப்படும் வரை அங்கிருந்து பதில் இல்லை.

எஞ்சியிருந்தது, அச்சேறிய கட்டுரையைத் திரும்பப் பெறும் அறிவிப்பு. சென்ற வாரம் பேராசிரியர் அம்மா அதன் வரைவைக் கொடுத்தார். "விலங்குக்கூட ஊழியர் ஒருவரின் நடைமுறைத் தவறு காரணமாக" என்று அது தொடங்கியது. பொய் இல்லை. இது போன்ற அறிவிப்புகள் இப்படித்தான் தொடங்கும். உங்களிடமும் காட்டினார்கள்; படித்துவிட்டுச் சரி என்று தலையாட்டினீர்கள். கையெழுத்துக்காக அது முக்கால் டாக்டரிடம் போனது. அவர் பேனாவை எடுத்து அந்த முதல் வரியை அடித்தார்.

"பாப்பா, இருக்கட்டும்" என்றீர்கள். "தப்பு என்னுதுதானே. நான் போறவன். என் பேர்ல போனா உனக்கு நல்லது."

"நாலு வருஷம் பக்கத்துலயே நின்னேண்ணே" என்றார் அவர். "குப்பியை நீங்க எடுக்கறதுக்கும் ஊசி போடறதுக்கும் நடுவுல ஒரு டீ நேரம் இருந்துச்சு. அந்த நேரத்துல என்ன பண்றீங்கன்னு ஒரு தடவை கேட்டேனா? ஒரே ஒரு தடவை? கைராசின்னு சொல்லிட்டுப் போயிட்டேன். அது உங்க தப்பா?"

அவர் அடித்த இடத்தில் எழுதினார்: "துகள்கள் எவ்வாறு கையாளப்படுகின்றன என்று ஆய்வாளர்களாகிய நாங்கள் கேட்டறியத் தவறியதால்." பேராசிரியர் அம்மா அதை இரண்டு முறை படித்தார். பிறகு கையெழுத்திட்டார். அந்த அறிவிப்பு இன்று காலை பத்து மணிக்கு இதழுக்கு அனுப்பப்பட்டது. பிழையைக் கண்டறிந்த சோதனையைச் செய்தவர்கள் என்ற இடத்தில் இரண்டு பெயர்கள் இருக்கின்றன. ஒன்று நர்ஸ் அக்காவுடையது. மற்றதைப் பார்த்து அண்ணி காலையில் கேட்டார்: "இவர் பேரு இங்கிலீஷ்ல இவ்வளவு நீளமா?"

அண்ணே, இப்படிப்பட்ட மடலின் முடிவில் நீண்ட ஆயுளும் நிறைந்த உடல்நலமும் வேண்டுவது வழக்கம். வேண்டுகிறோம். உறக்கம் உடைக்காத விடியல்களும், உறவினர் உடனிருக்கும் மாலைகளும், ஓசையிடும் காலணியை ஒருமுறையாவது அணிந்து பார்க்கும் உரிமையும் உங்களுக்கு வாய்க்கட்டும். அதோடு எங்கள் சொந்த வேண்டுதல் ஒன்று: இனி நீங்கள் எந்த வேலையில் குனிந்திருந்தாலும், பக்கத்தில் யாராவது ஒருவர் நின்று, "என்னண்ணே பண்றீங்க?" என்று கேட்கட்டும்.

அன்பும் நன்றியும் சற்றே தாமதமான மரியாதையுமாக,

முப்பத்து நான்கு ஆண்டுகள் உங்களிடம் அதைக் கேட்காமல் இருந்த
ஆய்வகத்தார் அனைவரும்.